சான் புரூனோ குழாய்: பார்வர்டு சொல்வது தப்பு

எரியும் தெரு ஒன்றின் படத்தோடு ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. ‘2010ல் கலிபோர்னியாவில் கேஸ் குழாய் வெடித்ததற்கு, அனுமதித்த அளவைத் தாண்டி அழுத்தம் ஏற்றியதே காரணம். மீட்டர் முள்ளைக் கவனித்தாலே போதும், குழாய் வெடிக்காது’ என்கிறது. இரண்டுமே சரியில்லை.

2010 செப்டம்பர் 9 மாலை சான் புரூனோவில் குழாய் வெடித்து 8 பேர் இறந்தார்கள். வேறோர் இடத்தில் நடந்த மின்வேலையால் அன்று அழுத்தம் கூடியது உண்மைதான். ஆனால் வெடித்தபோது சதுர அங்குலத்துக்கு சுமார் 386 பவுண்டு, அனுமதித்தது 400.

அந்த 400ஐ நம்ப வைத்த கேஸ் கம்பெனிப் பதிவேடுதான் கோளாறு. 1956ல் பதித்த அந்த 30 அங்குலக் குழாய் ‘தையல் இல்லாதது’, அதாவது நீளவாக்கில் வெல்டிங் இணைப்பே இல்லாதது, என்று எழுதியிருந்தது. வெடித்த பகுதியை ஆராய்ந்து பார்த்தால், குட்டைத் துண்டுகளை வெல்டிங் செய்து சேர்த்த குழாய்; சில துண்டுகளில் நீளவாக்கு வெல்டிங் உள்பக்கம் போடவேயில்லை. காகிதமே தப்பென்றால் முள் என்ன சொல்லி என்ன!

அப்புறம்தான் அமெரிக்கச் சட்டம், அழுத்த வரம்புக்கு ஆதாரமான பதிவுகளைச் சரிபார்க்கச் சொன்னது. விபத்தை விசாரித்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் 2011 அறிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து மற்றவர்களுக்கு அனுப்பாதீர்கள்.