மழை எந்த நிறுத்தத்தில் இறங்கியது?

மஞ்சக்குப்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. தமிழில் இதில் ஒரு குறையும் இல்லை. பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் இதையே ஆங்கிலக் கட்டுரையில் 'கெட்டிங் ஆஃப் தி பஸ், தி ரெயின் ஸ்டார்ட்டட்' என்று எழுதினாள். சிவப்பு மையில் ஒரு கோடு, 'டேங்ளிங்' (பிடிமானமின்றித் தொங்குவது) என்று ஒரு சொல். விளக்கம் கிடையாது. "மழையா அப்பா பஸ்ஸிலிருந்து இறங்கியது?" என்று அவளே சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் விதியே இருக்கிறது. முன்னால் நிற்கும் 'இங்' தொடருக்குச் சொந்தமாக எழுவாய் இல்லை. காற்புள்ளிக்குப் பின்னால் வரும் எழுவாயைப் பிடித்துக்கொள்ளும். அங்கே மழை நின்றால் மழைதான் டிக்கெட் எடுத்துப் பயணம் செய்திருக்க வேண்டும்.

எனக்கு ஆற்றாமை என்னவென்றால், இது நமக்குப் புதிதே அல்ல. செய்து, இன்று வழக்கில் இல்லாத செய்யூ, செய்பு என்னும் மூன்று வினையெச்சமும் தம் வினைமுதலின் (அந்த வினையைச் செய்பவரின்) வினையையே கொண்டு முடியும் என்று தொல்காப்பியச் சொல்லதிகாரம் சொல்கிறது. 'இறங்கிக் குடையை விரித்தேன்' என்றால் இறங்கியவனும் விரித்தவனும் ஒருவனே. 'செய்ய' என்னும் எச்சத்துக்கு அந்தக் கட்டு இல்லை: மழை பெய்ய நெல் விளைந்தது. 'இறங்கியதும்', 'இறங்கும்போது' இரண்டும் அப்படித்தான். யாருடைய வினையோடும் சேரும்.

பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான். ஆங்கிலத்தின் 'இங்' தொடர் 'இறங்கி' என்பதன் கட்சி. நாமோ அதற்கு 'இறங்கும்போது' என்று பொருள் சொல்லிக்கொடுக்கிறோம். கடைகளில் விற்கும் கையேடுகளும் அதையே செய்கின்றன. பிறகு பிழை வராமல் என்ன செய்யும்?

விலக்கு இரண்டு பக்கமும் உண்டு. உறுப்பின் வினை அதை உடையவனின் வினையோடு முடியலாம் என்று தொல்காப்பியமே அடுத்துச் சொல்லிவிடுகிறது. 'கை இற்று வீழ்ந்தான்' என்பது பழைய எடுத்துக்காட்டு. இற்றது (முறிந்தது) கை, வீழ்ந்தது ஆள். ஆங்கிலத்திலும் 'கன்சிடரிங்' போன்ற சில சொற்கள் பின்னால் வரும் எழுவாயோடு சேராமல் நின்றாலும் யாரும் பிடித்து நிறுத்துவதில்லை.

மகளின் வாக்கியம் இப்போது 'கெட்டிங் ஆஃப் தி பஸ், ஐ காட் வெட்' என்று ஆகிவிட்டது. இறங்கியவளும் நனைந்தவளும் அவளே. மழையைத்தான் தொடங்க வைப்பேன் என்று அடம்பிடித்தால், 'வென் ஐ காட் ஆஃப்' என்று தன் எழுவாயையும் கையோடு கூட்டிவர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.