பொம்மையைப் பகிராதது மனக்கோளாறு அல்ல

சேலம், ஏற்காடு பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி: ‘3 வயதில் பொம்மையைப் பகிராத பிள்ளைக்கு மனக்கோளாறு, பிடுங்கிக் கொடுத்தால்தான் திருந்தும்.’ இது தவறு.

அந்த வயதில் விட்டுக்கொடுக்கத் தயங்குவது இயல்பு. பிடுங்கினால், பெரியவர்கள் பிடுங்கலாம் என்பதைத்தான் பிள்ளை கற்கும். முறை வைத்துப் பழக்குங்கள். “இன்னும் விளையாடணும், அதான் கோபம் வருது, இல்லையா கண்ணு?” என்று முதலில் அதன் மனதைச் சொல்லுங்கள். பிறகு 2 நிமிட மணற்கடிகாரம். மணல் இறங்கியதும் பொம்மை கைமாறட்டும். நேரத்தை நீட்டினால் காத்திருக்கும் பிள்ளை அழத் தொடங்கிவிடும். உயிராக வைத்திருக்கும் பொம்மையை மட்டும் விருந்தாளிப் பிள்ளைகள் வருமுன் எடுத்து வைத்துவிடலாம்.

மத்திய அரசின் பள்ளிக் கல்வி ஆய்வு அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. 2022-இல் வெளியிட்ட அடித்தள நிலைக் கலைத்திட்டம் (3–8 வயது) உணர்வு வளர்ச்சியைப் படிப்படியாகக் கற்பிக்க வேண்டிய இலக்காகவே வைக்கிறது. அவர்கள் இணையதளத்தில் படித்துப் பார்க்கலாம்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாமல் இருப்பது, பேசிய சொற்களை இழப்பது, இவை போன்றவைதான் கவனிக்க வேண்டிய அறிகுறிகள். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.