காதால் அளக்கும் ஊரில் ஓர் ஆர்எக்ஸ் 100

"சத்தத்தைக் கேட்டாலே சொல்லிவிடுவேன் சார்."

இந்த ஒரு வாக்கியத்தை நம்பி ஒன்றரை வருடத்தில் மூன்று முறை போரிங் (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கும் வேலை), மூன்று பிஸ்டன், எண்ணற்ற பேக்கிங், பாதி வழியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த நான்கு கிலோமீட்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். இனி யாராவது இதை என் முன்னால் சொன்னால், கையில் இருக்கும் ஸ்பேனர் எங்கே போய் விழும் என்பதற்கு நான் பொறுப்பில்லை.

வண்டி 1991ஆம் வருடத்து யமஹா ஆர்எக்ஸ் 100. பொள்ளாச்சி பக்கம் ஒரு தென்னந்தோப்பின் மோட்டார் அறையில், உரச் சாக்குகளுக்குப் பின்னால் கிடந்தது. ஒரு காலத்தில் மண் பந்தயத்துக்கு ஓடிய வண்டி என்பது பார்த்தாலே தெரிந்தது. முன் மட்கார்டை அறுத்து மேலே தூக்கி வைத்திருந்தார்கள். ஹேண்டில்பாரில் குறுக்குக் கம்பி. பின்சக்கரத்தில் முண்டு முண்டாகக் கட்டை டயர், ரப்பர் வெடித்துப்போயிருந்தது. வெளிநாட்டு மோட்டோகிராஸ் வண்டிகள் நம் கைக்கு எட்டாத காலத்தில், இந்த ஆர்எக்ஸையும் சுசூகி ஷோகனையும் உரித்துத்தான் நம் பையன்கள் மண்மேட்டில் தாவினார்கள். 98 சிசி, 50 மில்லிமீட்டர் போர், 50 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 11 குதிரைத்திறன். காகிதத்தில் பார்த்தால் ஒன்றுமில்லை. நூறு கிலோ சொச்சம் எடையுள்ள உடம்பில் அந்தப் பதினொன்று என்ன செய்யும் என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும். 1985 இறுதியில் வந்தது, 1996இல் புகைக் கட்டுப்பாடு வந்து நிறுத்திவிட்டார்கள்.

என் ஆசை எளியது. என்ஜினை அதன் பழைய ஆரோக்கியத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதன்பின் முன் ஃபோர்க், பின் ஷாக், சேம்பர் சைலன்சர் என்று ஒவ்வொன்றாக மாற்றித் தோப்புக்குள் மண்ணில் ஓட்ட வேண்டும். சாலைக்குக் கொண்டுவரும் எண்ணமே இல்லை. ஆர்சியில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னதெல்லாம் எனக்கும் தெரியும். பந்தயப் பரிசும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் புழுதி தின்றால் போதும்.

நான் இருப்பது கோயம்புத்தூரில். கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால் அது ஏதாவது ஒரு லேத் பட்டறையின் தகரக் கூரையில்தான் விழும். பம்பு செட்டும் நூற்பாலை இயந்திரமும் செய்து நாடெங்கும் அனுப்பும் ஊர். ஜி.டி.நாயுடு இளவயதில் வெள்ளைக்காரர் ஒருவரிடமிருந்து ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்த கதையைக் கேட்டு வளர்ந்த ஊர். இங்கே ஒரு சின்ன சிலிண்டரைச் சரியாகப் போரிங் செய்ய ஆள் கிடைக்காதா என்று நினைத்தேன். ஆள் கிடைத்தார். அளவுதான் கிடைக்கவில்லை.

சிலிண்டர் ஏற்கெனவே 0.25 போரில், அதாவது ஆலை அளவைவிடக் கால் மில்லிமீட்டர் கூடுதல் விட்டத்தில், தேய்ந்திருந்தது. அடுத்தது 0.50. பட்டறைக்காரரிடம் சிலிண்டரையும் புதுப் பிஸ்டனையும் சேர்த்தே கொடுத்தேன். பிஸ்டன் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை, அப்படியே திருப்பிக் கொடுத்தார். "0.50 என்றால் 0.50தானே தம்பி, அதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது?"

என்ன ஆகப்போகிறது என்று நாற்பதாவது கிலோமீட்டரில் தெரிந்தது. மேட்டில் ஏறும்போது யாரோ பின்னால் இருந்து பிடித்து இழுத்ததுபோல் ஒரு தடுமாற்றம். கிளட்சைப் பிடிப்பதற்குள் பின்சக்கரம் நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தால் பிஸ்டனைச் சுற்றி நான்கு இடத்தில், நான்கு மூலைபோல, நெடுக்காகக் கீறல். படிக்கத் தெரிந்தவனுக்கு இது எழுத்து. போர் இறுக்கமாக இருந்திருக்கிறது, பிஸ்டன் சூடேறி விரிந்தபோது இடமில்லை. அப்போதுதான் நானே ஒரு மைக்ரோமீட்டர் இரவல் வாங்கிப் பிஸ்டனை அளந்தேன். பெட்டியில் போட்டிருந்த அளவைவிட அந்தப் பிஸ்டன் பருமன். ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் இரண்டு பங்குதான். இடைவெளியே மொத்தம் நூற்றில் சில பங்குதான் விடுகிறோம் என்னும்போது, அந்த இரண்டு பங்கு என்பது வாசற்படியில் ஆளைப் படுக்க வைத்துவிட்டுக் கதவை மூடுவதைப் போன்றது.

அந்தப் பிஸ்டன் 'ஒரிஜினல்'. பெட்டியில் மினுமினுக்கும் ஒட்டுவில்லை இருந்தது. ஆர்எக்ஸ் 100க்கு இப்போது கிராக்கி ஏறிப்போனதால், ஒரிஜினல் என்ற சொல்லுக்கு அர்த்தமே போய்விட்டது. "ஒரிஜினல் ஒரிஜினலா, டூப்ளிகேட் ஒரிஜினலா?" என்று கடைக்காரர் முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்கிறார். முதல் ஒரிஜினலுக்கு ஒரு விலை, இரண்டாவது ஒரிஜினலுக்கு ஒரு விலை. இரண்டையும் ஒரே அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். போகட்டும், போலியாகவே இருக்கட்டும். போலிப் பிஸ்டனுக்கும் ஒரு விட்டம் உண்டு. அதை அளந்து அதற்கேற்றபடி போரிங் செய்திருந்தால் அதுவும் ஓடியிருக்கும். அளக்க ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடம்தான் இந்த ஊரில் யாரிடமும் இல்லை.

சரி, 0.75. இந்த முறை நான் பக்கத்தில் நின்று அளக்க வைத்தேன். பட்டறைக்காரருக்கு என்மேல் கோபம், எனக்குச் சந்தோஷம். என்ஜின் கோத்து முடித்தது, நண்பர்கள் கைகாட்டிய ஒரு மெக்கானிக். பெட்ரோலோடு ஆயிலையும் சேர்த்து எரிக்கும் டூ ஸ்ட்ரோக் என்ஜின் வேலையில் பெயர் பெற்றவர். ஸ்டார்ட் செய்தார், தலையைச் சாய்த்தார், கண்ணை மூடினார், கச்சேரியில் ஆலாபனை கேட்பவர்போல் இரண்டு நிமிடம் நின்றார். "அருமையாக இருக்கிறது. சேம்பர் மாட்டினால் இன்னும் பிய்த்துக்கொண்டு போகும்."

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஆக்ஸிலரேட்டரை விட்டபின்னும் வேகம் சட்டென்று இறங்கவில்லை. இழுத்து இழுத்துத்தான் இறங்கியது. ஐட்லிங் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பிளக்கைக் கழற்றினால் முனை வெளுத்துக் கிடந்தது. சொன்னேன். "ஒரு முறை பிஸ்டன் இறுகிப் பிடித்த வண்டி அல்லவா, பயப்படுகிறீர்கள். ஆயிலைக் கொஞ்சம் கூட்டி ஊற்றுங்கள், சரியாகிவிடும்" என்றார். பந்தய வழக்கப்படி ஆயில் பம்பைக் கழற்றிவிட்டுப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றிக்கொண்டிருந்தோம். லிட்டருக்கு 30 மில்லி ஊற்றியதை 50 ஆக்கச் சொன்னார்.

இங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. கார்புரேட்டரின் மெயின் ஜெட் என்ற சின்னத் துளை வழியாக வருவது ஓர் அளவுத் திரவம்தான். அதில் ஆயிலைக் கூட்டினால் பெட்ரோலின் பங்கு குறையும். பெட்ரோல் குறைந்தால் கலவை லீன் ஆகும், லீன் ஆனால் சூடு ஏறும். பிஸ்டனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அதன் வாயிலிருந்த தண்ணீரைப் பிடுங்குகிற வேலை இது. போதாக்குறைக்கு இப்போது பெட்ரோல் பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தமான பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று சரி என்றால், இதற்குச் சுமார் 13.5 போதும். அதாவது இந்தப் பெட்ரோலுக்கு ஜெட்டைப் பெரிதாக்க வேண்டும். சேம்பர் மாட்டினாலும் ஜெட்டைப் பெரிதாக்க வேண்டும். எத்தனால், கூடுதல் ஆயில், சேம்பர் மூன்றும் சேர்ந்து ஒரே திசையில் இழுக்கின்றன. ஜெட் மட்டும் தொழிற்சாலையில் வைத்த அதே ஜெட். ஏன் மாற்றவில்லை என்று கேட்டால், "சத்தம் நன்றாகத்தானே இருக்கிறது?"

அந்தச் சேம்பரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எந்த வண்டிக்கு, எந்த வேகத்துக்கு என்று ஒன்றும் இல்லை. நீளம் கேட்டால் 'நல்ல சத்தம் வரும்' என்று பதில். டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சர் என்பது ஊதுகுழல் அல்ல. வெளியேறும் புகையின் அழுத்த அலை கூம்பில் மோதித் திரும்பி வந்து, வெளியே ஓடப்பார்க்கும் புதுப் பெட்ரோல் கலவையை, துளை மூடுவதற்கு ஒரு கணம் முன்னால் மறுபடி சிலிண்டருக்குள் தள்ள வேண்டும். அலை போய்த் திரும்பும் நேரத்தை முடிவுசெய்வது குழாயின் நீளமும் உள்ளே இருக்கும் சூடும். கிழக்கு ஜெர்மனியில் எம்இசட் நிறுவனத்தின் வால்டர் காடன் வருடக்கணக்கில் உட்கார்ந்து செதுக்கிச் சீராக்கிய வித்தை அது. அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961இல் ஸ்வீடன் பந்தயத்தின்போது தப்பியோடி, அந்த நுணுக்கத்தோடு சுசூகியில் போய்ச் சேர்ந்தார். மறு வருடமே 50 சிசி உலகப் பட்டம். ஒரு நாட்டின் எல்லையைத் தாண்டித் திருட்டுத்தனமாகக் கொண்டுபோகும் அளவுக்கு மதிப்புள்ள நுணுக்கம், இங்கே இரும்புக் கடையில் வெல்டிங் வைத்து எல்லா வண்டிக்கும் ஒரே அளவில் தொங்குகிறது.

இருநூறாவது கிலோமீட்டரில் 0.75உம் போனது. இந்த முறை நான்கு மூலைக் கீறல் இல்லை. புகை போகும் பக்கம் மட்டும் பிஸ்டன் உருகி இழுபட்டிருந்தது. லீன், பட்டவர்த்தனமாக. மெக்கானிக் பார்த்துவிட்டு, "ஆயில் பற்றவில்லை" என்றார். ஐம்பது மில்லி ஊற்றியிருக்கிறேன் ஐயா! பின்னால் வந்தவன் புகையில் என்னையே பார்க்க முடியாமல் தவித்தான்!

அதன்பிறகுதான் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து நானே உட்கார்ந்தேன். டூ ஸ்ட்ரோக் என்ஜினில் பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் அறை வெளிக்காற்றுப் புகாமல் இருந்தே ஆக வேண்டும். அதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் ரப்பர் வைத்து அடைத்துவிட்டு, பிஸ்டனைக் கீழே இறக்கி, பிளக் ஓட்டை வழியாக ஆறு பிஎஸ்ஐ அளவு காற்றடித்து, முள் இறங்குகிறதா என்று சில நிமிடம் பார்க்க வேண்டும். அவ்வளவு சின்ன அழுத்தத்தைக் காட்டும் மீட்டருக்கு எங்கே போவது? அலமாரியைத் திறந்தேன். அம்மாவின் ரத்த அழுத்தக் கருவி. அதன் வட்டத்தில் 300 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கிறது. 300 என்றால் கிட்டத்தட்ட 5.8 பிஎஸ்ஐ. இதைவிடப் பொருத்தமாக யாராலும் செய்து தந்திருக்க முடியாது.

பல்பை அமுக்கினேன். முள் 300க்கு வந்தது. வந்த வேகத்திலேயே கீழே விழுந்தது. மேக்னெட்டைக் கழற்றிவிட்டுச் சோப்பு நுரையைத் தடவினால், இடப்பக்கக் கிராங்க் ஆயில் சீலைச் சுற்றிக் குமிழ் குமிழாக வருகிறது. முப்பது வருடத்து ரப்பர், கொட்டாங்குச்சிபோல் இறுகிப்போயிருந்தது. அந்தப் பக்கச் சீல் போனால் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். வலப்பக்கச் சீல் போயிருந்தாலாவது கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை விட்டுக் காட்டிக்கொடுத்திருக்கும். இது ஊமைக் கள்ளன். இரண்டு சீலும் சேர்த்து இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது. எதையும் அளந்து பார்க்காமல் நான் எரித்தது இரண்டு பிஸ்டன், ஒரு சேம்பர், அரை மில்லிமீட்டர் இரும்பு.

பணத்தை விடுங்கள், அந்த இரும்புதான் என்னை அரிக்கிறது. 0.25, 0.50, 0.75, 1.00. நான்கே படிகள், அத்தோடு அந்தச் சிலிண்டரின் ஆயுள் முடிந்தது. அதன்பின் ஸ்லீவ் அடிக்க வேண்டும், அதுவும் அளக்காத ஒருவரிடம் போய்தான் அடிக்க வேண்டும். அந்தக் காலத்து ஆலை வார்ப்புச் சிலிண்டர் இனி வரப்போவதில்லை. ஒவ்வொரு 'கேட்டாலே தெரியும்' ஆசாமியும் அதிலிருந்து கால் மில்லிமீட்டரைச் சுரண்டித் தரையில் கொட்டுகிறார்.

காது தேவையே இல்லை என்று சொல்ல வரவில்லை. நல்ல மெக்கானிக்கின் காது பொய் சொல்லாது. எங்கோ கோளாறு என்று அது சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. இந்த வித்தியாசத்தைச் சொன்னால் படித்த திமிர் என்கிறார்கள். சீலைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அந்த மெக்கானிக்கிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் அப்போதே நினைத்தேன் சார், சீல்தான் என்று." அப்போதே! பக்கத்தில் அவருடைய பையன் வேறொரு ஆர்எக்ஸின் சிலிண்டரைத் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டு, சைலன்சர் துளையைக் கிரைண்டரால் கடைந்துகொண்டிருந்தான். பவர் கூடுமாம். கிராங்க் சுற்றில் துளை எத்தனை டிகிரி திறந்திருக்கும் என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தான். அந்தத் துளையை அளவுக்கு மீறி அகலமாக்கினால் ரிங் அதற்குள் எட்டிப்பார்த்து மாட்டி ஒடியும். ஒடிந்தால் அதற்கும் ஆயில் பற்றவில்லை என்றுதான் சொல்வார்கள்.

இப்போது 1.00இல் ஓடுகிறது. ஜெட் பெரிதாகிவிட்டது, ஆயில் 30க்குத் திரும்பிவிட்டது, பிளக் முனை பிஸ்கட் நிறத்தில் இருக்கிறது. முள் 300இல் நின்றால் நின்ற இடத்தில் நிற்கிறது. அம்மாவுக்குப் புதுக் கருவி வாங்கிக் கொடுத்தாயிற்று. பழையதில் டூ ஸ்ட்ரோக் ஆயில் வாசம் போகவில்லை என்று கையில் கட்டவே மறுத்துவிட்டார்.

போன வாரம் முன் ஃபோர்க் வேலைக்குப் போனேன். நீளமான ஃபோர்க் மாட்ட வேண்டும். மாட்டினால் கழுத்து பின்னால் சாயும், முன்சக்கரம் தள்ளிப்போகும், பின்னாலும் அதற்கேற்ப உயர்த்த வேண்டும். ஸ்பிரிங் எவ்வளவு எடைக்கு எவ்வளவு இறங்கும், ஆயில் எத்தனை மில்லி என்று எழுதி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். கடைக்காரர் என் காகிதத்தை வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்தார். இரண்டு கையாலும் ஃபோர்க்கைத் தரையில் ஊன்றி ஓர் அமுக்கு அமுக்கினார்.

"நல்ல கெட்டியாக இருக்கிறது சார். அமுக்கினாலே தெரிந்துவிடும்."