ஒரு வருடக் கணக்கு எல்லாத் துணிக்கும் ஒத்துவராது

ஒரு வருடமாக உடுத்தாத துணியை யோசிக்காமல் கொடுத்துவிடுங்கள் என்று, அலமாரியில் துணியைக் குறைப்பது பற்றிய உங்கள் கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள். அன்றாடம் போடும் சட்டை, பேன்டுக்குச் சரி. கம்பளி உடைக்கும், விசேஷத்துக்கு மட்டும் எடுக்கும் உடைக்கும் அந்தக் கணக்கு ஒத்துவராது. அப்படித்தான் என்னிடம் இருந்த ஒரே கறுப்புக் கோட்டைக் கொடுத்துவிட்டு, மூன்றே மாதத்தில் வேறு வாங்க வேண்டியதாயிற்று.

இப்போது நான் செய்வது வேறு. எல்லா ஹேங்கர்களையும் கொக்கி என்னைப் பார்க்கிற மாதிரி மாற்றி மாட்டிவிடுவேன். உடுத்தித் துவைத்து வந்ததை மட்டும் வழக்கம்போல மாட்டுவேன். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் தொடாதவை எவை என்று அலமாரியே காட்டிக்கொடுத்துவிடும். (முதல் முறை 40 ஹேங்கரில் 17 அப்படியே நின்றன!) அவற்றையும் உடனே கொடுப்பதில்லை, ஒவ்வொன்றாகப் போட்டுக் கண்ணாடி முன் நின்று பார்ப்பேன். தோள் தையல் தோளில் உட்காரவில்லை என்றால் அப்புறம் யோசனையே கிடையாது. இளைத்த பிறகு போடலாம் என்று வைத்திருந்த ஜீன்ஸ்... சரி, அதை விடுங்கள்.

கட்டுரையில் விட்டுப்போன ஒன்று: கொடுப்பதற்கு முன் துவைத்து, நன்றாகக் காயவைத்து, பொத்தான், ஜிப் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஈரத்தோடு ஒன்று பைக்குள் போனாலும் பூஞ்சை பிடித்து மற்றதையும் கெடுத்துவிடும். எலாஸ்டிக் தளர்ந்ததையும் அக்குளில் கறை படிந்ததையும் நான் யாருக்கும் கொடுப்பதில்லை. கிழித்து வைத்துக்கொள்வேன். வண்டி துடைக்கப் பழைய பனியனுக்கு ஈடு எதுவும் இல்லை.