செட்டிநாட்டு வீட்டைச் சுற்றிக் காட்டும்போது எதைச் சொல்ல வேண்டும்

நகரத்தார் என்னும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கட்டிய செட்டிநாட்டுப் பெருவீடுகளில் சில இப்போது கட்டணம் வாங்கிக்கொண்டு பார்வையாளர்களை உள்ளே விடுகின்றன. இதை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் வீட்டில் ஓடு நழுவினால் ஏறிப் பார்க்க ஆள் இருப்பதில்லை. மழை இறங்கி உத்தரம் உளுத்த பிறகு, தலைமுறை தலைமுறையாகப் பிரிந்து போன பங்காளிகள் அனைவரும் கூடிச் செலவைப் பகிர்ந்துகொள்ள ஒப்ப வேண்டும். ஒப்பாத இடங்களில் வீட்டைப் பிரித்து விற்றுவிடுகிறார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் அப்படிப் பிரிக்கப்பட்ட வீடுகளின் நிலைகளும் தூண்களும் விலைக்குக் கிடைக்கின்றன. பார்வையாளர் கொடுக்கும் பணத்தால் ஒரு வீடாவது நிற்குமென்றால் அது நல்ல பணம்.

ஆனால் காட்டுவது எப்படி என்பதில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. விடுமுறையில் அம்மா, அண்ணன் குடும்பம், எங்கள் பிள்ளைகள் எல்லாருமாகக் காரைக்குடிப் பக்கத்தில் அப்படியொரு வீட்டைப் பார்க்கப் போயிருந்தோம். தேக்கு பர்மாவிலிருந்து வந்தது, பளிங்கு இத்தாலியிலிருந்து வந்தது, நிலைக்கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து வந்தது, இந்தப் படியில்தான் இன்ன படத்தின் பாட்டு எடுத்தார்கள் என்ற அளவில் விளக்கம் முடிந்துவிட்டது. வாங்கிய பொருள்களின் பட்டியல் முழுமையாக இருந்தது. வாங்கியவர்கள் எப்படி வாழ்ந்தார்கள், அந்தப் பணம் எந்த ஊர் வயலில் விளைந்தது என்பதைப் பற்றி ஒரு வாக்கியம்கூட இல்லை.

உண்மையில் அந்த வீடுகளில் வியக்க வேண்டியது வெளியூர்ச் சரக்கைவிட உள்ளூர் வேலைதான். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் நீளம்; திண்ணையில் நின்று பார்த்தால் முகப்பு, வளவு (நடுமுற்றமும் அதைச் சுற்றியுள்ள அறைகளும்), இரண்டாம் கட்டு என்று நிலைக்குப் பின் நிலையாகக் கொல்லைப்புற வாசல்வரை ஒரே நேர்க்கோட்டில் தெரிகிற அமைப்பு. நான்கு பக்கக் கூரையும் வளவை நோக்கிச் சரிவதால் மழைநீர் முற்றத்தில் இறங்குகிறது. குடிக்கவும் புழங்கவும் அதைப் பிடித்துவைத்தார்கள். மிஞ்சியது தெருவழியாக ஊருணிக்குப் போனது. வறண்ட சீமையில் ஒரு சமூகம் தண்ணீரைப் பற்றி இவ்வளவு யோசித்திருப்பது பளிங்கைவிடப் பெரிய செல்வம் என்று நான் கருதுகிறேன். சுவரில் கிளிஞ்சல் சுண்ணாம்போடு கடுக்காயும் கருப்பட்டியும் முட்டை வெண்கருவும் சேர்த்துப் பல பூச்சுகளாகப் பூசி மெருகேற்றியிருக்கிறார்கள்; கோடையில் கை வைத்தாலும் குளிர்ச்சி தெரிகிறது. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லைச் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து உலர்த்துகிறார்கள். அந்த வழவழப்பு கண்ணாடி தந்தது. இன்றும் ஆத்தங்குடியில் கையாலேயே இந்த வேலை நடக்கிறது. அந்தக் கைகளைப் பற்றியும் யாரும் எங்களிடம் பேசவில்லை.

இரண்டாம் கட்டுக்கு வந்ததும் அம்மா நின்றுவிட்டார். ஆட்டுக்கல்லையும் அம்மிகளையும் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இத்தனை பேருக்கு ஆட்டி அரைச்சவங்க யாரு?" என்று கேட்டார். சரியான கேள்வி. ஆண்கள் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சைகோனுக்கும் கொழும்புக்கும் ஏஜெண்டுகளாகவும் அவர்களுக்குத் துணையான அடுத்தாள்களாகவும் போய், பெரும்பாலும் மூன்று ஆண்டுத் தவணை முடிந்த பிறகே ஊர் திரும்பினார்கள். அவ்வளவு காலமும் வீட்டையும் வரவு செலவையும் பிள்ளைகளையும் பெண்கள்தான் நடத்தினார்கள்; அவர்களோடு கூலிக்கு உழைத்த பெண்களும் இருந்தார்கள். வளவைச் சுற்றியுள்ள அறைகள் ஆச்சரியப்படும் அளவுக்குச் சிறியவை. மணமான ஒவ்வொரு மகனுக்கும் அப்படியோர் அறை. 'வேறு வைத்தல்' என்ற வழக்கப்படி ஒரே கூரையின் கீழ் அவரவர் தனித்தனியே சமைத்துக்கொண்டார்கள். ஊரே திகைக்கும் மாளிகையில் ஒரு தம்பதிக்கு உரியது அந்தச் சிற்றறைதான் என்று தெரிந்ததும், அதுவரை அலுத்துப் போயிருந்த என் மகள் ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்க்கத் தொடங்கினாள்.

பிறகு பணம். 1852 போருக்குப் பின் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்து ஐராவதி டெல்டாவில் காடு திருத்தி நெல் போட்டபோது, பர்மிய உழவருக்கு ஆங்கிலேய வங்கிகள் கடன் தரவில்லை. நகரத்தாரின் வட்டிக்கடைகள் தந்தன. அந்தக் கடனில்லாமல் பர்மா உலகத்துக்கே அரிசி அனுப்பும் நாடாகியிருக்காது. 1930இல் உலக மந்தம் வந்து நெல் விலை சரிந்ததும் கடன் திரும்பவில்லை. ஈடாக வைத்த நிலம் கைமாறியது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1930களின் இறுதியில் 25 சதவீதமானது. கடன் கொடுத்தவர் கேட்டது நிலமல்ல, பணம்தான். ஆனாலும் நிலம் இழந்த உழவரின் கோபம் உண்மையானது, நியாயமானது. 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டு ஓடிவந்தார்கள். மலைவழி நடந்தவர்களில் பல்லாயிரம் பேர் வழியிலேயே மாண்டார்கள். 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம், 1962க்குப் பின் ராணுவ ஆட்சி. இங்கே பல வீடுகளின் கட்டுமானமும் கலகலப்பும் நின்றுபோன காரணம் இந்த வரிசையில்தான் இருக்கிறது.

இதைச் சொன்னால் அந்தச் சமூகத்துக்கு இழுக்கு வரும் என்று சிலர் அஞ்சக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. அதே பணத்திலிருந்துதான் 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்தது. 1937இல் காரைக்குடியிலும் சென்னையிலும் ரங்கூனிலும் ஒரே நாளில் கதவைத் திறந்த இந்தியன் ஓவர்சீஸ் வங்கி வந்தது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வந்தது. கொடையைப் பேசும் அதே இடத்தில் வட்டியையும் பேசுகிற துணிவு ஒரு சமூகத்தின் மதிப்பைக் கூட்டவே செய்யும். பிள்ளைகளுக்கு அரைக்கதை போதும் என்று முடிவு செய்யும் உரிமை நமக்கு இல்லை.

யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் இருக்கின்றன. அந்தத் தகுதிக்கு ஏற்ற விளக்கம் வேண்டும் என்றால் பெரிய அருங்காட்சியகம் கட்ட வேண்டியதில்லை. முகப்பில், நகரத்தார் தங்கித் தொழில் செய்த ரங்கூன் கிட்டங்கியைப் பற்றி ஒரு பலகை, வளவில் அறைகளின் கணக்கைச் சொல்லும் ஒரு பலகை, இரண்டாம் கட்டில் பெண்களின் உழைப்பைப் பற்றி ஒரு பலகை, எல்லாம் நல்ல தமிழில் இருந்தால் போதும். சுற்றிக் காட்டும் உள்ளூர் இளைஞர்களுக்கு இந்த வரலாற்றைக் கற்றுக்கொடுத்து, கூலியையும் உயர்த்திக் கொடுக்க வேண்டும். அதற்காகக் கட்டணத்தைக் கூட்டினால் எங்கள் குடும்பம் தயங்காமல் கொடுக்கும். இதைப் படிக்கும் நகரத்தார் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் பர்மாக் கடிதங்களோ பேரேடுகளோ இருந்தால், செல்லரிப்பதற்கு முன் படமெடுத்து வையுங்கள், அவற்றில் ஒரு பக்கத்தையாவது பெரிதாக்கி முகப்புச் சுவரில் மாட்டுங்கள்.