நேபாள மன்னராட்சியை மேற்கு நாடுகள் பறித்தனவா?

“பல்லாயிரம் ஆண்டு இந்து ராஜ்ஜியமான நேபாளத்தில், 2008இல் மக்களைக் கேட்காமலேயே மேற்கத்திய ஜனநாயகத்தைத் திணித்துவிட்டார்கள்” என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இதில் பெரும்பகுதி தவறு.

2008 வரை அரியணையில் இருந்த ஷா வம்சத்தின் பிருத்வி நாராயண் காத்மாண்டுப் பள்ளத்தாக்கைப் பிடித்தது 1768–69இல்தான். அந்த வம்சத்திலும் 1846 முதல் 1951 வரை மன்னர் பெயருக்குத்தான். அதிகாரம் முழுக்க பரம்பரைப் பிரதமர்களான ராணா குடும்பத்திடம் இருந்தது. நாட்டை ‘இந்து’ முடியரசு என்று அறிவித்தது 1962 அரசியலமைப்பு.

சரி, ஜனநாயகம் 2008இல் வந்த புதுச் சரக்கா? 1959இலேயே அங்கே பொதுத்தேர்தல் நடந்தது. வென்று பிரதமரானவர் பி.பி. கொய்ராலா. அடுத்த ஆண்டு டிசம்பரில் மன்னர் மகேந்திரா அவரைப் பதவி நீக்கிச் சிறையில் தள்ளினார். 1968 வரை விசாரணையே இல்லாமல் உள்ளே வைத்திருந்தார்கள். கூடவே கட்சிகளுக்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுத் தடை. 1990இல் மக்கள் தெருவுக்கு வந்த பிறகே அது விலகியது. 2005இல் மன்னர் ஞானேந்திரா மறுபடி ஆட்சியைக் கையில் எடுக்க, 2006 ஏப்ரலில் 19 நாள் போராட்டம் வெடித்தது. முடியாட்சிக்கு வினை வைத்தது அரண்மனையேதான்.

செய்தியில் ஒன்று மட்டும் சரி: மன்னராட்சி வேண்டுமா என்று தனி வாக்கெடுப்பு நடக்கவில்லை. ஆனால் 2008 ஏப்ரலில் மக்கள் தேர்ந்தெடுத்த அரசியல் நிர்ணய சபைதான் மே 28 அன்று முடிவெடுத்தது. குடியரசுக்கு ஆதரவாக 560 வாக்குகள், எதிராக நான்கே நான்கு.