பணிக்கொடைப் பணத்தை எங்கே போட்டேன், எவ்வளவு போடாமல் வைத்தேன்

2024 அக்டோபரில், துபாயில் 17 ஆண்டுகள் வேலை பார்த்த நிறுவனத்தில் கணக்கு முடித்துக்கொண்டு இன்னொரு நிறுவனத்தில் சேர்ந்தேன். என் வாழ்நாளில் ஒரே தவணையாக நான் பார்த்த மிகப் பெரிய தொகை அப்போதுதான் கைக்கு வந்தது. அமீரகச் சட்டப்படி முதல் 5 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும், அதற்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் 30 நாள் அடிப்படைச் சம்பளமும் பணிக்கொடையாகக் கிடைக்கும். என் அடிப்படைச் சம்பளம் 6,000 திர்ஹாம் என்பதால், 465 நாளுக்கு நாளொன்றுக்கு 200 வீதம் 93,000 திர்ஹாம் வந்தது. வீட்டு வாடகைப்படி, பயணப்படி எதுவும் இந்தக் கணக்கில் சேராது. புதிதாக வேலைக்கு வரும் தம்பிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். திர்ஹாமுக்கு 22 ரூபாய் 80 காசு கிடைத்த நாளில் அனுப்பினேன். வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை இந்திய வங்கியில் ரூபாயில் வைக்கும் என் என்ஆர்இ கணக்கில் 21 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் ஏறியது.

இந்தப் பணத்தில் பெரும்பகுதியை நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டில், அதாவது நிஃப்டி என்ற பங்குச் சந்தைக் குறியீட்டில் உள்ள 50 பெரிய நிறுவனங்களின் பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் ஃபண்டில், போட்டேன் என்று சொன்னதும் அறை நண்பர்கள் பலர் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொன்னதை இங்கே முழுமையாக எழுதிவிடலாம் என்று நினைக்கிறேன்.

பணம் வந்த செய்தி பரவியதும் எல்லோரும் சொன்ன முதல் யோசனை மனை வாங்குவது. எனக்கு மண்ணின் மீது பற்று இல்லாமல் இல்லை. ஆனால் வெளிநாட்டில் இருப்பவன் வாங்கும் மனையை ஊரில் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். வில்லங்கச் சான்றிதழ் எடுப்பதற்கும், பட்டா மாற்றுவதற்கும், வேலி போடுவதற்கும், பக்கத்து மனைக்காரர் இரண்டடி உள்ளே வந்துவிட்டால் போய்ப் பேசுவதற்கும் ஒருவருக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் உடன்பிறந்தவராகவோ மச்சானாகவோ இருப்பார். பணத்தோடு உறவும் சேர்ந்து அதில் முடங்கிப்போனதை என் நண்பர்கள் இருவர் வீட்டில் பார்த்திருக்கிறேன். விவசாய நிலம் வாங்கலாம் என்றால், வெளிநாடு வாழ் இந்தியர் அதை வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் தருவதில்லை. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். இண்டெக்ஸ் ஃபண்டுக்கு நான் ஊரில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. சந்தையில் புழங்கும் பங்குகளின் மதிப்பை வைத்து 50 நிறுவனங்களைத் தேசியப் பங்குச் சந்தையின் குறியீட்டு அமைப்பு ஆண்டுக்கு இருமுறை பரிசீலித்து மாற்றுகிறது. ஃபண்ட் அதை அப்படியே பின்பற்றுகிறது. யாருடைய சாமர்த்தியத்தையும் நேர்மையையும் நம்பி நான் தூக்கம் கெட வேண்டியதில்லை.

செலவு குறைவு என்பது எனக்கு இன்னொரு பெரிய காரணம். 2011இல் ஓர் ஆலோசகர் எங்கள் அலுவலகத்துக்கே வந்து, மாதம் 1,000 திர்ஹாம் வீதம் 25 ஆண்டு கட்டும் சேமிப்புத் திட்டம் ஒன்றில் என்னைச் சேர்த்தார். 18 மாதம் கட்டிய பிறகு மகளின் மருத்துவச் செலவுக்காக நிறுத்த வேண்டி வந்தது. கட்டிய 18,000 திர்ஹாமில் திரும்பி வந்தது 4,000கூட இல்லை. முதல் ஒன்றரை ஆண்டுத் தொகை முழுவதும் தொடக்கக் கட்டணங்களுக்கு ஈடாகப் பிடித்து வைக்கப்படும் என்பது ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளில் இருந்தது. அந்த வலி இன்னும் ஆறவில்லை. நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டுகளில் டைரக்ட் பிளான் என்ற, முகவர் கமிஷன் இல்லாத வகையில் ஆண்டுச் செலவு பல இடங்களில் 100 ரூபாய்க்கு 20 காசு அளவில்தான் இருக்கிறது. 15 லட்சத்துக்கு ஆண்டுக்கு 3,000 ரூபாய். அதே பணத்துக்குச் செலவு நூற்றுக்கு ஒரு ரூபாயாக இருந்தால் 15,000 போய்விடும், அதுவும் ஒவ்வோர் ஆண்டும்.

ஆனால் இந்தப் பதிவை நான் எழுதுவதற்கு உண்மையான காரணம் இவை அல்ல. மொத்தமாகப் போடுவதா, மாதாமாதம் பிரித்துப் போடுவதா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள்; எவ்வளவு போடாமல் வைத்துக்கொள்வது என்று ஒருவரும் கேட்பதில்லை. வெளிநாட்டில் வேலை செய்பவனுக்கு இந்த இரண்டாவது கேள்விதான் உயிர்நாடி என்பது என் உறுதியான கருத்து.

நான் 2007இல் துபாய்க்கு வந்தவன். 2008 ஜனவரியில் 6,300ஐத் தாண்டியிருந்த நிஃப்டி அக்டோபர் இறுதியில் 2,300க்கும் கீழே போனது. அதே மாதங்களில்தான் இங்கே கட்டுமானப் பணிகள் ஒவ்வொன்றாக நின்றன. எங்கள் அறையில் இருந்த 8 பேரில் 5 பேர் அடுத்த ஆண்டுக்குள் விசா ரத்தாகி ஊருக்குப் போனார்கள். 2020இலும் அப்படித்தான்: ஜனவரியில் 12,400ஐத் தொட்ட குறியீடு மார்ச்சில் 7,500 அளவுக்கு இறங்கியது, கொரோனாவால் வெளிநாட்டில் சிக்கியவர்களை அழைத்துவரும் வந்தே பாரத் விமானங்கள் மே 7ஆம் தேதி தொடங்கியபோது அவற்றில் ஏறப் பெயர் கொடுத்தவர்களில் வேலை இழந்தவர்கள் ஏராளம். சொந்த ஊரில் வேலை போனவருக்குச் சம்பளம் மட்டும்தான் போகும். நமக்கோ சம்பளம், இருப்பிடம், பிள்ளையின் பள்ளி, நாட்டில் தங்கும் உரிமை எல்லாம் ஒரே நாளில் கேள்விக்குறியாகிவிடும்; அதே நேரத்தில் சந்தையும் படுத்துக் கிடக்கும். அப்போது கையில் காசு இல்லாமல் பாதி விலைக்கு யூனிட்டுகளை விற்பவர், குறியீடு பிற்பாடு ஏறும்போது வெளியே நிற்பார்.

ஆகவே முதலில் 6 லட்சத்தைத் தனியே எடுத்து வைத்தேன். ஊரில் என் குடும்பத்தின் ஓராண்டுச் செலவு அது. என்ஆர்இ வைப்புத்தொகைக்கு வட்டி வேண்டுமானால் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும், இடையில் எடுத்தால் வட்டியே கிடையாது என்பதால் 2 லட்சத்தைச் சேமிப்புக் கணக்கிலேயே விட்டு, 4 லட்சத்தை மட்டும் வேறொரு வங்கியில் வைப்பாக்கினேன். வங்கி முடங்கினால் கிடைக்கும் வைப்புக் காப்பீடு ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரைதான் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

மீதியில் 15 லட்சத்தை மாதம் 1,25,000 வீதம் 12 மாதங்களில் போட்டேன். வான்கார்டு நிறுவனம் 2012இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய மூன்று சந்தைகளிலும் மொத்தமாகப் போட்டதே ஏறத்தாழ மூன்றில் இரண்டு தடவை முந்தியது என்று காட்டியது. அது தெரிந்தும் பிரித்துப் போட்டதற்குக் காரணம், புது நிறுவனத்தில் எனக்குத் தகுதிகாண் காலம் 6 மாதம் இருந்ததுதான். வேலை நிலைக்கும் முன் முழுப் பணத்தையும் சந்தைக்குள் அனுப்ப மனம் ஒப்பவில்லை. 2024 செப்டம்பர் இறுதியில் 26,200ஐத் தொட்ட நிஃப்டி 2025 மார்ச் தொடக்கத்தில் 22,100 அளவுக்கு இறங்கியதால் என் முறை எனக்கு நன்மையாக முடிந்தது. அதை வைத்து என் முறையே சரி என்று வாதிட மாட்டேன். சந்தை ஏறியிருந்தால் மொத்தமாகப் போட்டவரே முந்தியிருப்பார். குறுகிய காலக் கடன் பத்திரங்களில் பணத்தை வைக்கும் லிக்விட் ஃபண்டில் மொத்தமாகப் போட்டு, அங்கிருந்து மாதாமாதம் மாற்றலாம் என்று சிலர் சொன்னார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு ஒவ்வொரு மாற்றத்திலும் இலாபப் பகுதிக்கு டிடிஎஸ் (பணம் தரும் முன்பே கழிக்கும் வரி) பிடிப்பார்கள் என்பதால், வட்டிக்கு வரியில்லாத என்ஆர்இ சேமிப்புக் கணக்கிலிருந்தே எஸ்ஐபி என்ற மாதத் தவணையாகப் பணம் போனது.

பழைய உள்ளூர்ச் சேமிப்புக் கணக்கை, வெளிநாடு வாழ் இந்தியர் தம் இந்திய வருமானத்தை வைக்கும் என்ஆர்ஓ கணக்காக மாற்றாமல், பழைய கேஒய்சியிலேயே (அடையாள, முகவரிப் பதிவிலேயே) முதலீடு செய்துகொண்டிருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். தயவுசெய்து முதலில் அதைச் சரிசெய்யுங்கள். மனைவி பெயரில் போட்டால் வரி குறையும் என்பதும் தவறு. கணவன் கொடுத்த பணத்தில் வரும் வருமானம் கணவனின் வருமானத்தோடுதான் சேர்க்கப்படும். தம்பி பெயரில் போட்டால் சட்டப்படி அது தம்பியின் சொத்து.

இங்குள்ள புரோக்கர் வழியாக அமெரிக்க இடிஎஃப் (பங்கு போலச் சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்ட்) வாங்குபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்கக் குடிமக்களும் அங்கே குடியிருப்போரும் அல்லாத ஒருவர் இறக்கும்போது அவருடைய அமெரிக்கச் சொத்து 60,000 டாலரைத் தாண்டியிருந்தால், தாண்டிய பகுதிக்கு 40 சதவீதம் வரை மரண வரி உண்டு. இந்தியாவோடும் அமீரகத்தோடும் இதற்கு ஒப்பந்தம் இல்லை. அதே பங்குகளை வைத்திருக்கும், அயர்லாந்தில் பதிவான ஃபண்டுகளுக்கு இந்த வரி வராது, ஈவுத்தொகையில் பிடிக்கும் வரியும் 30க்குப் பதில் 15 சதவீதம். நான் ஓய்வுக்காலத்தைத் தஞ்சாவூரில் ரூபாயில்தான் கழிக்கப்போகிறேன் என்பதால் பணிக்கொடையை இந்தியக் குறியீட்டில் வைத்தேன். ஆனால் 1989 இறுதியில் தொட்ட உச்சத்தை மீண்டும் எட்ட ஜப்பானின் நிக்கேய் குறியீட்டுக்கு 2024 பிப்ரவரி வரை ஆனதை எண்ணி, இப்போதைய மாதச் சேமிப்பில் ஒரு பகுதியை அயர்லாந்தில் பதிவான உலகக் குறியீட்டு ஃபண்டில் போட்டுவருகிறேன்.

எல்லா ஃபோலியோவிலும், அதாவது ஃபண்ட் கணக்கிலும், மனைவியை நாமினியாகச் சேர்த்து, எண்களை ஒரு நோட்டில் எழுதி ஊர்ப் பீரோவில் வைத்திருக்கிறேன். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் யூனிட்டுகள் அவர் பெயருக்கு மாற அவருக்கும் கேஒய்சி இருக்க வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. வரும் விடுமுறையில் முதல் வேலையாக அதை முடிக்க வேண்டும்.